பரீட்சைக்கு ஒரு வாய்

வெண்ணிலா: இன்னும் கொஞ்சம் பெருசா தொறங்கண்ணா... ஆ காட்டுங்க.

லோகநாதன்: ஆ...

வெண்ணிலா: நாக்கை மேல தூக்குங்க.

லோகநாதன்: ஆங்...

வெண்ணிலா: அண்ணா... எங்கண்ணா?

லோகநாதன்: எது எங்க?

வெண்ணிலா: காரைண்ணா! கீழ்ப்பல்லுக்குப் பின்னாடி சிமெண்ட்டு பூசுன மாதிரி இருந்துச்சே, உங்க பல்லுக் காரை... அது எங்க?

லோகநாதன்: அதுவா... ஹிஹி. எப்டி கீது? சும்மா பளபளன்னு இல்ல?

வெண்ணிலா: என்ன பண்ணீங்க?

லோகநாதன்: க்ளீன் பண்ணிகினேன். கேளம்பாக்கத்துல ஒரு ப்ரீ கேம்ப் போட்டுருந்தாங்கோ. ஆட்டோவ ஓரங்கட்டிட்டு உள்ள பூந்துட்டேன்.

வெண்ணிலா: கடவுளே...

தையல்நாயகி: இன்னாய்யா, அந்தப் பொண்ணு மூஞ்சி செத்துப் போச்சு? பொண்டாட்டி இத்தினி வருசமா சொல்லியும் கேக்காதவன், இப்பத்தான் ஒயுங்கா பல்லு வெளக்கிகினு வந்துகீற. அது நல்லதுதான?

வெண்ணிலா: அக்கா... பத்து மணிக்கு எனக்குப் பரீட்சைக்கா.

தையல்நாயகி: தெரியும்மா. ஊரப்பாக்கத்துலேர்ந்து தாம்பரம் வர்ற வரைக்கும் இந்தாளு அதத்தான் சொல்லிகினு வந்தான். பல்லு க்ளீன் பண்ற படிப்பு, ரெண்டு வருசம், இன்னிக்கி கடைசிப் பரீட்ச, நான்தான் பேசண்ட்டுன்னு. என்னமோ இவனுக்கே பட்டம் குடுக்கப் போற மாதிரி.

வெண்ணிலா: அந்தப் பேஷன்ட்டோட பல்லைத்தான்கா வெளியிலேர்ந்து பரீட்சை நடத்த வர்ற எக்ஸ்டர்னல் சார் முன்னாடி நான் க்ளீன் பண்ணிக் காட்டணும். அண்ணன் பல்லு இப்ப சுத்தமா இருக்கு. நான் எதைக் க்ளீன் பண்ணுவேன்?

லோகநாதன்: இன்னாமே அப்டி மொறைக்கிற?

தையல்நாயகி: யோவ்! பரீட்ச எழுதப் போற புள்ள கையிலேர்ந்து பேப்பர புடுங்கிகினு வந்துகீறியேய்யா!

லோகநாதன்: நல்லதுக்குத்தான் பண்ணேன். பெரிய பெரிய டாக்டருங்கல்லாம் வர்றாங்கோ. நம்ம வாயத் தொறந்தா கலீஜா கீதுன்னா வெண்ணிலாவுக்குத்தான அசிங்கம்... அப்டின்னு நெனச்சேன்.

வெண்ணிலா: மூணு மாசத்துக்கு முன்னாடியே சொன்னேனேண்ணா. பரீட்சை முடியற வரைக்கும் உங்க பல்லை யாரும் தொடக் கூடாது, எனக்காகப் பத்திரமா வெச்சிருங்கன்னு.

லோகநாதன்: வெச்சுதாம்மா இருந்தேன்...

தையல்நாயகி: காரையப் பத்திரமா வெக்கச் சொன்னியா? நல்லா கீதும்மா உங்க படிப்பு.

வெண்ணிலா: அந்த மாதிரி ஒரு வாய் கெடைக்கறது கஷ்டம்கா. க்ளாஸ்ல எல்லாரும் பேஷன்ட் தேடி அலைவோம். நல்லா கெட்டியான காரையா இருக்கணும், ரொம்ப நேரம் ஒக்கார்ற ஆளா இருக்கணும், சொன்ன நாள் வரணும்...

லோகநாதன்: என்னைய எப்டி புடிச்சிச்சுன்னு சொல்லவா? என் ஷேர் ஆட்டோல முன்னாடி என் பக்கத்துலதான் குந்தினு வரும். ஒரு நாள் வண்டலூர் சிக்னல்ல நிக்கிறேன், பெருசா ஒரு கொட்டாவி வுட்டேன். இது என் வாய்க்குள்ளயே எட்டிப் பாக்குது. “அண்ணா, உங்க பல்லு சூப்பர்ணா”ன்னிச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு.

தையல்நாயகி: இந்தப் பல்லையா! கட்டினு வந்த எனக்கே அப்டி ஒரு நாளும் தோணலையேம்மா.

வெண்ணிலா: சிரிப்பு வரலக்கா...

தையல்நாயகி: அழுவாத, அழுவாத. வாசல்ல எத்தினி சனம் போவுது. ஒருத்தர இட்டாந்து குந்த வெச்சிட வேண்டியதுதான?

வெண்ணிலா: அப்டியெல்லாம் முடியாதுக்கா. ரத்த டெஸ்ட் சீட்டு கையில இருக்கணும். சுகர், பிபி தெரியணும். ஈறு வீங்கியிருக்கற கேஸா இருக்கணும். சார் மொதல்ல வாயைப் பாத்து சரின்னாதான் நான் கை வெக்கவே முடியும்.

தையல்நாயகி: ஆளு இல்லன்னா?

வெண்ணிலா: ஆப்சென்ட்டுதான். அடுத்து எழுத ஆறு மாசம் ஆவும். கேளம்பாக்கத்துல ஒரு டாக்டரம்மா க்ளினிக்ல வேலைக்குச் சொல்லி வெச்சிருக்காங்க... ஆறு மாசம் எனக்காக யாருக்கா காத்துனு இருப்பாங்க?

லோகநாதன்: பேஜாராப் போச்சே...

வெண்ணிலா: நான் உள்ள போய் மேடம்கிட்ட சொல்லிட்டு வந்துர்றேன். நீங்க கெளம்புங்கக்கா. குன்றத்தூர் கோயிலுக்குப் போறதா அண்ணன் சொன்னாரு. உங்களுக்கு லேட் ஆயிரும்.

தையல்நாயகி: முருகன் எங்கயும் ஓடிட மாட்டாரு. நீ போயி சொல்லிட்டு வா.

*

தையல்நாயகி: பொண்ணு உள்ள போயிருச்சு. இப்ப சொல்லு. அறிவு கீதாய்யா உனக்கு?

லோகநாதன்: மெதுவாப் பேசும்மே. நாலு பேரு குந்தினுகீறாங்கோ.

தையல்நாயகி: பேசுவேன். கேம்ப்ல எவன்யா அவன், கேக்காம கொள்ளாம கைய வெச்சவன்? படிக்கிற புள்ளைங்க பேசண்ட்டா, ஏதாச்சும் பரீட்ச கீதான்னு ஒரு வார்த்த கேக்க மாட்டான்?

லோகநாதன்: அவனுக்கு இன்னா தெரியும்...

தையல்நாயகி: அவன் மட்டும் என் கையில கெடச்சான்... வியாழக்கெழமைல இருந்தே உன் போக்கு சரியில்ல. அன்னிக்கி வூட்டுக்கு வந்தப்ப உன் வாயில ஆரஞ்சு முட்டாய் வாசன. எனக்கு சுகருன்னு நான் வாயக் கட்டிகினு கீறேன், நீ தெருவுல நின்னு முட்டாய் துன்னுட்டு வர்ற.

லோகநாதன்: ஒரு பாஸஞ்சர் குடுத்தாங்கோன்னு சொன்னனே.

தையல்நாயகி: இன்னிக்கி செவ்வாக்கெழம. கோயிலுக்குப் போறப்ப நான் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்னு தெரியும். காத்தால பின்னாடியே வந்து, “நாலு இட்லி துன்னு, நாலு இட்லி துன்னு”ன்னு உசுர வாங்கி துன்ன வெச்ச. எல்லாமே தலகீயாத்தான் பண்ற.

லோகநாதன்: நீ மயங்கி வுயுந்துட்டா நான்தான தூக்கணும்?

தையல்நாயகி: ம்க்கும்... பாவம்யா அந்தப் பொண்ணு. கண்ணு செவந்து போச்சு பாத்தியா?

லோகநாதன்: நீ இன்னிக்கிதான் பாக்குற. நான் எட்டு மாசமாப் பாக்குறேன். கோவளம் குப்பத்துப் பொண்ணு. அப்பா கடலுக்குப் போறாரு, அம்மா கூடையில மீனு விக்கிது. காத்தால நாலு மணிக்கெல்லாம் எழுந்து, அம்மாவுக்கு மீனு பிரிச்சுக் குடுத்துட்டு, குளிச்சு, ரெண்டு வண்டி மாறி இங்க வருது. ஒரு நாள் லீவு போட்டதில்ல. மயயில ரோடு முங்கிப் போச்சே, அன்னிக்கும் முட்டி வரைக்கும் தண்ணில நடந்து வந்துது. யூனிபாரம் மட்டும் கவர்ல சுத்தி தல மேல வெச்சிகினு வந்துச்சு.

தையல்நாயகி: அம்மாடி.

லோகநாதன்: மொத மாசம் ஒருத்தருக்கு ஈறுல ரத்தம் வர்றதப் பாத்துட்டு மயங்கி வுயுந்துச்சாம். வாத்தியாரம்மா, “மீனு வெட்டுற கைதானடி”ன்னு கேட்டாங்களாம். அதுக்கு இது, “மீனுக்கு வலிக்குமான்னு யோசிச்சதில்ல மேடம், இது மனுசங்க”ன்னு சொல்லிச்சாம்.

தையல்நாயகி: நல்லாதான் சொல்லிக்கிது.

லோகநாதன்: முட்ட கத தெரியுமா?

தையல்நாயகி: இன்னா முட்ட?

லோகநாதன்: கை பயகணும்ல. பல்லு மேல காரை சொரண்டுற கம்பி வழுக்காம ஓடணும். அதுக்கு முட்ட மேல நகப் பாலிசு பூசி, ஓடு உடையாம சொரண்டுமாம். ஒடஞ்சா அன்னிக்கி வூட்ல முட்டக் கொயம்பு. அவங்கம்மா ஒரு மாசம் பூரா முட்டதான் துன்னுச்சாம். “அடியேய், வூட்டு வாசல்ல கடலு கீது, நான் முட்ட துன்னுகினு கீறேன்”னு ஒரே பொலம்பல். ஒரு நாள் சாயந்தரம் வூட்டுக்கு வந்து கேட்டாங்களாம், “இன்னிக்கி எத்தினி ஒடஞ்சுது?”ன்னு. ஒண்ணு கூட ஒடையலன்னிச்சாம். அந்தம்மா ஒக்காந்து அழுதுட்டாங்களாம்.

தையல்நாயகி: பெத்த வயிறுய்யா.

லோகநாதன்: மூணு மாசம் முன்னாடி என் பல்லுல மேல் வரிச மட்டும் பழகிப் பாத்துச்சு. ஒரு மணி நேரம். நான் தூங்கிட்டேன்மே. அந்தக் கை அப்டி. பல்லுல யாரோ எறும்பு மாதிரி நடக்குறாங்கோ, அவ்ளோதான்.

தையல்நாயகி: அப்டி பாத்த பொண்ணுக்குத்தான் இப்டி பண்ணிட்டு வந்துகீற. எம்மா நேரம் கீது பத்து மணிக்கு?

லோகநாதன்: முப்பது நிமிசம்.

தையல்நாயகி: அந்தப் பையக் குடு, தண்ணி குடிக்கணும்... இது இன்னாய்யா?

லோகநாதன்: எது?

தையல்நாயகி: என் சுகர் சீட்டு. போன வாரம் எடுத்தது. இத்த எதுக்கு எடுத்துனு வந்துகீற?

லோகநாதன்: அதுவா... பை மாறிப் போச்சு போல.

தையல்நாயகி: மாத்திரையும் கீது.

லோகநாதன்: அது கூடவே வந்துக்கும்.

தையல்நாயகி: ...ஏன்யா. என் பல்லுல காரை இருக்குமா?

லோகநாதன்: என்னைக் கேட்டா? கொரோனா போயி எத்தினி வருசம் ஆச்சு, நீ வூட்டுக்குள்ளயும் அந்த மாஸ்க்கக் கயட்டல. சோறு துன்றப்பகூட செவுத்தப் பாத்துகினு துன்ற. நான் எங்கேர்ந்து பாக்குறது உன் பல்ல?

தையல்நாயகி: வுடு. நான் சும்மா கேட்டேன்.

லோகநாதன்: நானும் சும்மாதான் சொன்னேன்.

*

வெண்ணிலா: அக்கா, இன்னும் கெளம்பலையா?

தையல்நாயகி: மேடம் இன்னா சொன்னாங்கோ?

வெண்ணிலா: பத்து மணி வரைக்கும் பாக்கலாம்னாங்க. அதுக்கப்புறம் பேரை எடுத்துருவாங்க. பரவால்லக்கா. என் நேரம்.

தையல்நாயகி: குந்து இப்டி. யோவ், நீ போயி டீ குடி.

லோகநாதன்: எனக்கு டீ வோணாம்.

தையல்நாயகி: வோணாம்னாலும் குடி. போ!

வெண்ணிலா: ஏன்கா அண்ணனை வெரட்டுறீங்க?

தையல்நாயகி: பொம்பளைங்க பேச்சு. வெண்ணிலா... நான் ஒண்ணு கேக்குறேன், சிரிக்கக் கூடாது. உன் பரீட்சைக்கு ஆம்பள வாய்தான் வோணுமா?

வெண்ணிலா: அப்டியெல்லாம் இல்லக்கா.

தையல்நாயகி: என் வாயி... வோணாம் வுடு.

வெண்ணிலா: அக்கா, எனக்காக நீங்க கஷ்டப்பட வேணாம்.

தையல்நாயகி: கஷ்டம் இல்லம்மா. கூச்சம். நான் ஊரப்பாக்கத்துல ஒரு ப்ளே ஸ்கூல்ல ஆயாவா கீறேன். தெரியும்ல?

வெண்ணிலா: அண்ணன் சொல்லியிருக்காரு.

தையல்நாயகி: ஜோஸ்வின்னு ஒரு கொயந்த. மூணு வயசு இருக்கும் அப்ப. என் இடுப்ப வுட்டு எறங்காது. ஒரு நாள் சோறு ஊட்டினு பாட்டுப் பாடுறேன்... அது ரெண்டு வெரலால மூக்கப் புடிச்சிகினு, “ஆயா வாய் நாறுது”ன்னிச்சு. அங்க டீச்சருங்க, மத்த கொயந்தைங்கோ எல்லாம் கீறாங்கோ. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. அத்தான் கஷ்டம். ஒருத்தரும் இல்லன்னு சொல்லல. கொயந்த மேல தப்பு இல்ல. அது உண்மையத்தான் சொல்லிச்சு. அன்னிலேர்ந்து நான் பாடறதில்ல. முந்தானைய வாயில வெச்சிகினே பேசுவேன். கொஞ்ச நாள்ல கொரோனா வந்துச்சு. ஊரே மாஸ்க் போட்டுனு பொலம்புது... நான் மட்டும்தான் நிம்மதியா இருந்தேன். மத்தவங்கோ கயட்டிட்டாங்கோ. நான் கயட்டல.

வெண்ணிலா: அக்கா, நான் ஒண்ணு சொல்லவா?

தையல்நாயகி: சொல்லு.

வெண்ணிலா: மொத வாரம் நான் க்ளாஸுக்கு வந்தப்ப என் பக்கத்துல ஒக்காந்த பொண்ணு எழுந்து வேற பெஞ்சுக்குப் போய்ட்டா. மீன் வாசனைன்னு. எலுமிச்சம்பழம் தேச்சுக் குளிச்சேன், பவுடரைக் கொட்டிக்கிட்டேன்... ரெண்டு க்ளவுஸ் போட்டேன். போகல. தினமும் பஸ்ல அழுதுக்கிட்டே போவேன்.

தையல்நாயகி: அய்ய, பாவமே...

வெண்ணிலா: அப்புறம் ஒரு நாள் ஒரு தாத்தா வந்தாரு. அவர் வாயைத் தொறந்ததும் எல்லாரும் ஒரு அடி பின்னாடி போய்ட்டாங்க. நான் மட்டும் குனிஞ்சு பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியலக்கா. வாசனை எனக்குப் புதுசு இல்ல. நான் பொறந்ததே மீனு அள்ளுற எடத்துல. மேடம் எல்லாரையும் கூப்ட்டு, “இவ நிக்கிற மாதிரி நில்லுங்கடி”ன்னாங்க. அன்னையிலேர்ந்து எனக்கு எலுமிச்சம்பழம் தேவப்படல. நான் மூக்கைப் புடிக்க மாட்டேன்கா. அவ்ளோதான் சொல்ல முடியும். மத்தபடி உங்க இஷ்டம். நீங்க கோயிலுக்குப் போனாலும் எனக்குக் கோவம் இல்ல.

தையல்நாயகி: மணி இன்னா?

வெண்ணிலா: ஒம்போது நாப்பத்தி ஏழு.

தையல்நாயகி: எங்க குந்தணும்? காட்டு.

*

வெண்ணிலா: லைட்டு கண்ணுல அடிக்குதாக்கா?

தையல்நாயகி: இல்ல.

வெண்ணிலா: சுகர் சீட்டு பாத்துட்டேன். பரவால்ல, கட்டுக்குள்ள இருக்கு. பிபியும் ஓகே. காலைல சாப்ட்டீங்களா?

தையல்நாயகி: நாலு இட்லி. மாத்திரையும் போட்டேன்.

வெண்ணிலா: சூப்பர். மாஸ்க்கை நீங்களே கழட்டுங்க. நான் கழட்ட மாட்டேன்.

தையல்நாயகி: அவன் எட்டிப் பாக்கப் போறான்.

வெண்ணிலா: அண்ணா! கதவுகிட்ட நிக்காதீங்க. வெளிய போங்க!

தையல்நாயகி: போய்ட்டானா?

வெண்ணிலா: போய்ட்டாரு. ஒண்ணும் அவசரம் இல்ல... ம்... அவ்ளோதான். ஆ காட்டுங்க.

தையல்நாயகி: நாறும்.

வெண்ணிலா: நாறட்டும்.

தையல்நாயகி: ...ஆ.

வெண்ணிலா: இன்னும் கொஞ்சம்... அப்டித்தான்... ரொம்ப நாளா வலி இருக்குல்லக்கா?

தையல்நாயகி: ம்.

வெண்ணிலா: துப்புனா ரத்தம் வருமா?

தையல்நாயகி: காத்தால எந்திரிச்சா தலகாணிலயே இருக்கும். அவன் பாக்குறதுக்கு முன்னாடி தொவச்சிருவேன். அவன்கிட்ட சொல்லிடாத, பயந்துருவான்.

வெண்ணிலா: ...சொல்லல.

தையல்நாயகி: இன்னா கண்ணு கலங்குது உனக்கு? ரொம்ப மோசமா கீதா? சார் வோணாம்னுருவாரா?

வெண்ணிலா: இல்லக்கா. உங்க பல்லு எல்லாமே நல்ல பல்லு. சுத்தி மூடிக்கிட்டு இருக்கறதுதான் பிரச்சினை. இன்னைக்கு நான் மேல இருக்கறதை எடுப்பேன். ஈறுக்குள்ள இருக்கறதை இங்க இருக்கற டாக்டரம்மா பாக்கணும், இன்னும் மூணு தடவை வர வேண்டியிருக்கும். வருவீங்களா?

தையல்நாயகி: மொதல்ல உன் பரீட்ச முடியட்டும்.

வெண்ணிலா: சார் வர்றாரு... நீங்க சும்மா வாயை மட்டும் தொறங்க...

தையல்நாயகி: ஆ...

வெண்ணிலா: ...குட் மார்னிங் சார். பேரு தையல்நாயகி, வயசு நாப்பத்தி ஆறு, நாலு வருஷமா சுகர் இருக்கு... எஸ் சார்... ஓகே சார்... தேங்க்யூ சார்.

தையல்நாயகி: இன்னா சொன்னாரு?

வெண்ணிலா: கேஸ் ஓகேன்னுட்டாரு. ஆரம்பிக்கச் சொன்னாரு. அக்கா... ரொம்ப தேங்க்ஸ்கா.

தையல்நாயகி: அப்பால சொல்லு. வேலையப் பாரு.

வெண்ணிலா: வலிச்சா எடது கையைத் தூக்குங்க. நான் உடனே நிறுத்திருவேன். பாத்தீங்களா, என் மோதிர விரலை உங்க பல்லு மேல ஊனிக்கிட்டேன். நீங்க இருமுனாக்கூட என் கை வழுக்காது.

தையல்நாயகி: ம்.

வெண்ணிலா: ...வலிக்குதா? கை தூக்குனீங்களே?

தையல்நாயகி: மூக்கு அரிக்கிது.

வெண்ணிலா: சொறிஞ்சுக்கங்க... சொறிஞ்சுக்கங்க.

தையல்நாயகி: டக்குனு ஒரு சத்தம் கேட்டுதே?

வெண்ணிலா: காரைக்கா. ஒரு துண்டு வந்துருச்சு. பாக்குறீங்களா?

தையல்நாயகி: அய்ய... இது என் வாயிலயா இருந்துச்சு? கல்லு மாதிரி கீது!

வெண்ணிலா: இன்னும் நெறைய இருக்கு. தூக்கம் வந்தா தூங்குங்க.

தையல்நாயகி: ம்... யாராச்சும் இதுல தூங்குவாங்களா...

வெண்ணிலா: அக்கா? ...அக்கா? ...தூங்கிட்டாங்க.

*

லோகநாதன்: இன்னா ஆச்சு? மணி ஒண்ணு ஆவுது. யாராச்சும் ஒரு வார்த்த சொல்லுங்களேன்!

வெண்ணிலா: முடிஞ்சுதுண்ணா. ரிசல்ட்டு வர நாளாகும். ஆனா சார் என் கேஸ் ஷீட்டுல கையெழுத்துப் போட்டுட்டு, “இந்தக் கை எங்கம்மா பழகுச்சு?”ன்னு கேட்டாரு. பயத்துல, “முட்டையிலயும் மீன்லயும் சார்”னு சொல்லிட்டேன். ஹாலே சிரிச்சுது.

லோகநாதன்: அவரு?

வெண்ணிலா: அவரும் சிரிச்சாரு. “அதை வுட்றாத”ன்னாரு.

தையல்நாயகி: என்கிட்டயும் கேட்டாரு.

லோகநாதன்: உன்கிட்டயா? இன்னான்னு?

தையல்நாயகி: இந்தப் பொண்ணு எப்டி பண்ணிச்சுன்னு. நான் சொன்னேன்... “சார், ஆறு வருசமா என் வூட்டுக்காரனுக்கே நான் வாயத் தொறந்து காட்டல. இந்தப் பொண்ணுக்குக் காட்டுனேன். காட்டிட்டு தூங்கியும் போய்ட்டேன். இதுக்கு மேல இன்னா சொல்லணும்?”ன்னேன்.

லோகநாதன்: மேய்... மாஸ்க்கு எங்கமே?

தையல்நாயகி: கையிலதான் கீது. ஏன்?

லோகநாதன்: ஒண்ணும் இல்ல. சும்மா பாத்தேன்.

தையல்நாயகி: அப்டி பாக்காதய்யா, எனக்கு ஒரு மாதிரி கீது. வெண்ணிலா, நாக்க வெச்சுப் பாத்தா பல்லுக்கு நடுவுல காத்து போவுது. பல்லு ஏதாச்சும் வுயுந்துருச்சா?

வெண்ணிலா: இல்லக்கா, காரை இருந்த எடம் அது. ரெண்டு நாள்ல பழகிரும். வெதுவெதுன்னு தண்ணியில உப்புப் போட்டுக் கொப்பளிங்க. அடுத்த செவ்வாக்கிழமை டாக்டரம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். கட்டாயம் வரணும்.

தையல்நாயகி: வர்றேன். ஸ்கூல்ல லீவு கேக்கணும். ஜோஸ்வின் இப்ப நாலாவது படிக்கிறான். தெருவுல பாத்தா ஓடியாந்து கட்டிப்பான். நான்தான் மூஞ்சத் திருப்பிப்பேன். நாளைக்கி அவன்கிட்ட ஒயுங்கா பேசணும்.

லோகநாதன்: பாட்டுப் பாடு.

தையல்நாயகி: போய்யா... வெண்ணிலா, நான் ஒண்ணு கேக்குறேன். நான் மட்டும் மாட்டேன்னு எந்திரிச்சுப் போயிருந்தேன்னு வை. வேற பேசண்ட்டு யாராச்சும் வெச்சிருந்தியா?

வெண்ணிலா: யாரும் இல்லக்கா. ஆறு மாசம் அம்மாவோட மீன் வித்துக்கிட்டு இருந்திருப்பேன்.

தையல்நாயகி: எல்லாம் அந்தக் கேம்ப்காரனால. ஒரு பொண்ணோட ரெண்டு வருசத்த... அவன் கேளம்பாக்கத்துல எங்கதான்யா குந்தினுகீறான்? போற வழில வண்டிய நிறுத்து. நாலு கேள்வி கேட்டாத்தான் எனக்கு ஆறும்.

லோகநாதன்: வுடும்மே. குன்றத்தூர் போறதுக்கு கேளம்பாக்கம் எதிர்ப்பக்கம்.

தையல்நாயகி: சுத்திகினு போலாம்.

லோகநாதன்: இப்ப கெளம்புனாதான் சாயந்தரம் நட தொறக்கறதுக்கு சரியா இருக்கும்...

தையல்நாயகி: இரு. வெண்ணிலா, கடசியா பல்லு மேல சுத்திச் சுத்தி ஒண்ணு தேச்சியே... அது இன்னா?

வெண்ணிலா: பாலிஷ் பேஸ்ட்டுக்கா. பல்லு வழவழன்னு ஆவறதுக்கு.

தையல்நாயகி: ஆரஞ்சு முட்டாய் வாசன வருது.

லோகநாதன்: நான் போயி வண்டிய எடுக்கறேன்.

தையல்நாயகி: ஒரு அடி நகுந்த, நடக்குறதே வேற. வியாழக்கெழம ஆரஞ்சு முட்டாய்... இன்னிக்கி நாலு இட்லி... பையில என் சுகர் சீட்டு... யோவ், என் மூஞ்சப் பாரு.

லோகநாதன்: தலகாணி ஒற தெனம் கொடில காயறத நான் பாக்கலன்னு நெனச்சிகினியாமே?

தையல்நாயகி: ...வெண்ணிலா. இந்தாளு வாயத் தொறந்தா பொய்யிதான் வரும். நீ சொல்லு. அந்தக் கேம்ப்ல இவனுக்குப் பல்லு க்ளீன் பண்ணது யாரு?

வெண்ணிலா: கேம்ப்பே இல்லக்கா. வியாழக்கிழமை சாயங்காலம், நீங்க இப்ப தூங்குனீங்களே அதே சேர்ல, அண்ணனுக்கு நான்தான் பண்ணேன். “அவ தனக்குன்னா வர மாட்டா, உன் பரீட்சைக்குன்னா வருவா”ன்னு அண்ணன் சொன்னாரு... உங்க மாஸ்க்கைக் கழட்ட எனக்கு வேற வழி தெரியலக்கா.